கேட்கும் முன் படமா, கேட்கும்போது எழுத்தா?

தொடக்க வகுப்பில் ஆங்கிலக் கதையொன்றை ஒலிக்கச் செய்யும் ஆசிரியர், படங்களைக் காட்டி நான்கைந்து முக்கியச் சொற்களை முன்பே அறிமுகப்படுத்தலாம். அல்லது கேட்கும்போதே கதையின் எழுத்து வடிவத்தைக் கையில் தரலாம். இரண்டாவது வழிக்கு உழைப்பு குறைவு. ஆனால், எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் குழந்தையின் கவனம் முழுவதும் தாளிலேயே தங்கிவிடுவதால், கேட்டல் பயிற்சி வாசிப்புப் பயிற்சியாக மாறிவிடுகிறது. படமோ, அடுத்து என்ன நடக்கும் என ஊகிக்கத் தூண்டி, அந்த ஊகம் சரிதானா என்று அறியும் ஆவலோடு காதைத் தீட்டிக்கொண்டு கேட்கச் செய்கிறது. வுட், புரூனர், ராஸ் ஆகிய உளவியலாளர்கள் 1976-இல் விளக்கிய சாரக்கட்டு முறை (scaffolding), குழந்தையால் தனியே இயலாத பகுதிக்கு மட்டும் துணைநிற்பது. படங்கள் அத்தகைய துணையே; அடுத்தடுத்த பாடங்களில் அவற்றைப் படிப்படியாகக் குறைக்க முடியும் என்பதால், முதல் வழியையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். எழுத்து வடிவத்தை, பலமுறை கேட்டும் பிடிபடாத இடங்களைச் சரிபார்க்க மட்டும், இறுதியில் தரலாம்.