அக்காவுக்கும் ஒய் குரோமோசோம்! பூர்வீக டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள் படியுங்கள்

அக்காவின் ரிப்போர்ட்டில் 'உங்கள் தந்தை வழி' என்று ஒரு பக்கம் இருந்தது. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமை வைத்துக் கண்டுபிடித்ததாம். பெண்ணுக்கு ஏது ஒய் குரோமோசோம்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் இரண்டு பேருக்குமாக 27,000 ரூபாய் போயிருந்தது.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வட ஆற்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். திரும்பவே இல்லை. அவர் வம்சம் டர்பன் பக்கம் இருக்குமா என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் சபலம் தட்டியது. (கம்பெனி பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீசுக்கு பதில் அனுப்ப என்னிடம் காசில்லை.) "எச்சில் மட்டும் துப்பி அனுப்புங்க சார். எந்த ஊரு, எந்தக் குலம், வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாரு, எல்லாம் வந்துரும்" என்றான் போனில் பேசிய பையன். குழாயில் கோடு வரை நிரப்புவதற்குள் வாய் வறண்டுவிட்டது. புளியங்காயை நினைத்து நினைத்துத் துப்பினேன்.

ஆறு வாரத்தில் வண்ணப் படங்களோடு பிடிஎஃப் வந்தது. தாய் வழி மரபுக் குழு எனக்கு எம்2, அக்காவுக்கு யு2 என்று போட்டிருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள். இந்தக் குழுவைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டுமே வருவது, இருவருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் போன் பையனிடம் கேட்டால், "கூடப் பிறந்தவங்களுக்கு ஐம்பது சதவீதம்தான் மேட்ச் ஆகும் சார்" என்கிறான். அது குரோமோசோம்களில் உள்ள டிஎன்ஏவுக்கான கணக்கு. என்னுடையதில் 'சோழர் கால வணிகக் குடி' என்று ஒரு வரி வேறு. அந்த வரிக்குத் தனியாக 4,500 வாங்கியிருக்கிறார்கள். குலமும் ஊரும் யார் மரபணுவிலும் எழுதியிருப்பதில்லை.

சொந்தக்காரர் பட்டியல்? பூஜ்யம். அதே கம்பெனியிடம் எச்சில் கொடுத்தவர்களுக்குள்தான் பொருத்தம் பார்ப்பார்களாம், இதை முன்பே சொல்லவில்லை. டர்பன்காரர் வேறு இடத்தில் கொடுத்திருந்தால் இங்கே தலைகீழாக நின்றாலும் தெரியாது. தெரிந்தாலும், எங்களுக்கும் அந்த அண்ணனின் கொள்ளுப்பேரன்களுக்கும் பொதுவாக இருப்பது சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே காட்டாது. இதில் அத்தை மகள், மாமன் மகன் என்று உறவுக்குள்ளேயே கட்டிய குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட வீடுகளில் தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலக் கணக்கில் வந்து குழப்பும்.

நேட்டாலுக்குப் போனவர்களைத் தேட காகிதமே இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். அவர்களின் கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், ஜில்லா, சாதி எல்லாம் பதிந்திருக்கிறது. ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள், வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடுகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் நானும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.

பணம் போனது போகட்டும். 23அண்ட்மீ என்ற பெரிய அமெரிக்க டிஎன்ஏ டெஸ்ட் கம்பெனியிலேயே 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. எங்கள் எச்சில் இப்போது எந்த ஃப்ரிட்ஜில் இருக்கிறதோ! அழித்துவிட்டதாக ஒரு வரி எழுதித் தரச் சொல்லி நான்கு மெயில் போட்டாயிற்று. பதில் இல்லை. போன வாரம் மெசேஜ் மட்டும் வந்தது: 'குடும்பச் சலுகை! மூன்றாவது கிட் பாதி விலையில்.'