முழு ஞானியா, முன்னேறுகிறவனா? கிரிசிப்பஸும் பனேடியஸும்

அறிவால் உணர்ச்சிகளை ஆளச் சொன்ன கிரேக்கத் தத்துவப் பள்ளியான ஸ்டோயிக்கைச் சேர்ந்த, கி.மு. 3ஆம் நூற்றாண்டு கிரிசிப்பஸ் ரொம்பக் கறார்: ஒன்று நீ ஞானி, இல்லையென்றால் மூடன், நடுவில் எதுவும் கிடையாது. கடலில் ஒரு முழ ஆழத்தில் மூழ்கினாலும் சரி, அடியாழத்தில் மூழ்கினாலும் சரி, மூச்சு முட்டுவது ஒன்றுதானே என்று அந்தப் பள்ளியில் வாதாடினார்கள். தர்க்கம் வலுவானதுதான். ஆனால் அப்படிப்பட்ட ஞானி எங்கே?

அடுத்த நூற்றாண்டில் அதே பள்ளியைச் சேர்ந்த பனேடியஸிடம் ஓர் இளைஞன், ஞானி காதலிப்பானா என்று கேட்க, ஞானியைப் பற்றி அப்புறம் பார்க்கலாம், அந்த நிலைக்கு வெகு தொலைவில் இருக்கும் நீயும் நானும் காதலில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாராம். ரோமானிய ஸ்டோயிக் எழுத்தாளர் செனகாவின் கடிதம் ஒன்றில் இது வருகிறது. அந்த 'நீயும் நானும்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். இலக்கைத் தாழ்த்தாமல் வைக்க கிரிசிப்பஸ் வேண்டும், ஆனால் நாளைக் காலை கோபம் வந்தால் என்ன செய்வது என்று கேட்க நான் பனேடியஸிடம்தான் போவேன்.