கணபதிப் பட்டறையில் ஆக்டேவியாவுக்குக் கட்டிய இன்டர்கூலர்

போன வருஷம் ஏப்ரலில் கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் ஒரு ட்ராக் டே, அதாவது சொந்த வண்டியை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். வெளியே 37 டிகிரி. என்னுடையது 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்: 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ் (குதிரைத்திறன்), பவர் கூட்ட எஞ்சின் மென்பொருளை மாற்றும் ரீமேப் எதுவும் செய்யாதது. முதல் சுற்றில் வண்டி பாய்ந்தது. நான்காவது சுற்றில் அதே கியர், அதே மிதி, ஆனால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தது. வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகி எஞ்சின் விவரங்களைப் போனில் காட்டும் டாங்கிளின் பதிவை அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்று முதல் சுற்றில் 52 டிகிரி, நான்காவதில் 71. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ, ஒவ்வொரு சுற்றுக்கும் இக்னிஷன் டைமிங்கைக் குறைத்துக்கொண்டே, அதாவது தீப்பொறியைத் தாமதப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறது; பவர் போனது அதனால்தான்.

பல்லடத்தில் எங்களுக்கு, காற்றை ஊதி ஊடுநூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறி ஓடுகிறது. காற்றை அமுக்கினால் சுடும் என்பது தறிக்காரனுக்குப் புதிதல்ல. கம்ப்ரசரை விட்டு வரும் காற்றை ஆஃப்டர் கூலரில் ஆற்றித்தான் லைனுக்கு விடுகிறோம். காரிலும் இதே கதைதான். எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ, 35 டிகிரி காற்றை இரண்டே கால் மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், வெளியே வரும்போது அது 140 டிகிரியைத் தொட்டுவிடும். அதை ஆற்றி அனுப்புவதுதான் இன்டர்கூலரின் வேலை. ஆறாமல் போனால் அதே பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தில்) குறைவான ஆக்சிஜன்தான் உள்ளே போகும். போதாக்குறைக்கு, பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங் வரக்கூடாது என்று இசியூவும் டைமிங்கை இழுத்துப் பிடிக்கும். இரண்டு பக்கமும் அடி.

கம்பெனி இன்டர்கூலர் மோசமென்று சொல்ல மாட்டேன். காற்று ஆறும் நடுப்பகுதியான அலுமினியக் கோர், இரு பக்கமும் காற்று வந்து போகும் பிளாஸ்டிக் டேங்க், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆபீஸ் போய் வர அது தாராளம். நம் சித்திரை வெயிலில் விடாமல் மிதித்தால்தான் திணறும்.

மாற்றலாம் என்று முடிவு செய்ததும் நான் செய்த முதல் காரியம் தப்பு. ஆன்லைனில் 19,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். அதன் வாயில் ஸ்கோடா ஹோஸின் கிளிப் முழுசாகப் போய் உட்காரவே இல்லை. பொருத்தியவர் பரவாயில்லை என்றார், நானும் நம்பினேன். மூன்றாம் நாள் பெருந்துறை தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்யும்போது டப்பென்று சத்தம்; ஹோஸ் கழன்றுவிட்டது. பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் பையன். பாதி ஓவர்டேக்கில் வண்டி இழுக்காமல் போனால் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூஸ்ட் போகும் வழியில் அரைகுறைப் பொருத்தம் வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டு முழு செட்டுக்கு வரியெல்லாம் சேர்த்து எனக்குச் சொன்ன விலை ஒன்றேகால் லட்சம். அப்போதுதான் தறி ஸ்பேர் செய்து தரும் அண்ணனின் ஞாபகம் வந்தது. கோவை கணபதி பகுதியில் போர்டு இல்லாத பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு ஆர்கான் வெல்டிங் செட். பம்ப் இம்பெல்லரும் மில் ஸ்பேரும்தான் அவருக்குத் தினப்படி வேலை. கார் வேலை எப்போதாவது. கோர் மட்டும் நான் தனியாக வாங்கிக்கொண்டு போனேன்: பார் அண்ட் பிளேட் வகை (கட்டையும் தகடும் அடுக்கிக் கட்டியது), பழையதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், 24,000 ரூபாய். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதுக்குள்ள எத்தன பாரு நிக்கோணும்?" என்று கேட்டார். ஒன்றரை பாருக்குள்தான் அண்ணா என்றேன் (இந்த பார் காற்றழுத்த அளவு). "அப்ப மூணுல வெச்சுப் பாத்துட்டுக் குடுத்தர்றனுங்" என்றார்.

டேங்க் இரண்டையும் 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டி, வளைத்துக் கட்டினார். வாய்ப் பகுதியைத் தகட்டில் உருட்டாமல் கட்டியான ராடில் லேத்தில் கடைந்து எடுத்தார். கம்பெனி கிளிப் உட்காரும் காடி, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் போய் அமரும் வழவழப்பு, எல்லாம் பழைய டேங்கில் வெர்னியர் வைத்து எடுத்த அளவு. ஹோஸைத் தள்ளிப் பொருத்தியபோது 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மலிவுச் சரக்கில் அந்தச் சத்தம் ஒருமுறைகூட வரவில்லை.

வெல்டிங் நாளன்று முழுசாகக் கூடவே இருந்தேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படியும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை எடுக்காமல் வைத்தால் அடியில் உருகும், மேலே ஒட்டாது. அதற்கென்றே தனியாக வைத்திருக்கும் ஸ்டீல் பிரஷ்ஷால் ஓரங்களைத் தேய்த்தார், அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தார். அப்புறம் ஒரு விரல் நீளம் இந்தப் பக்கம், ஒரு விரல் நீளம் அந்தப் பக்கம் என்று மாறி மாறி வைத்தார். ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூடு ஏறி, கோரின் தகடுகளை ஒட்டவைத்திருக்கும் பிரேசிங் விட்டுப்போகுமாம். முடித்த தையல் கைமுறுக்கு சுற்றியது போல ஒரே சீராக இருந்தது.

பிறகு இரண்டு வாயையும் அடைத்து, 3 பார் காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷம், அவர் மட்டும் குனிந்தபடியே இருந்தார். வலது டேங்கின் கீழ் மூலையில் கடுகளவு ஒரு குமிழி கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வண்டியில் போட்டால் யாருக்கும் தெரியாத கசிவு அது. அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து, மறுபடி வைத்து, மறுபடி முக்கி, பத்து நிமிஷம் பார்த்த பிறகுதான் எடுத்தார். அதன் பின் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்து, துணியில் ஒரு பொடிகூட விழாத வரை விடவில்லை. உள்ளே தங்கும் ஒரு உலோகச் சுருள் நேராக எஞ்சினுக்குத்தான் போகும். இந்தக் கடைசி வேலைக்கு அவர் தனியாகக் காசு கேட்கவில்லை.

கூலியும் தகடும் 17,500. பொருத்துக்கூலி, ஓ ரிங், கிளிப் எல்லாம் 6,000. ஆக மொத்தம் கோரோடு சேர்த்து 47,500. பொருத்தும்போது முன் பம்பரைக் கழற்றி, ரேடியேட்டர் சட்டத்தை முன்னுக்கு இழுத்து, இன்டர்கூலரைக் கீழ் வழியாக எடுத்துவிடலாம். ஏசி கேஸை இறக்க வேண்டியதில்லை. இறக்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

குறை: பத்து நாள் என்றார், இருபத்து நான்கு நாள் ஆயிற்று. போன் எடுப்பது அபூர்வம். நேரில் போனால்தான் வேலை நகரும்.

வண்டியில் ஏறியது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது எதைப் போட்டாலும் நன்றாகத்தான் ஓடும். அந்தக் கணக்கை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த ஏப்ரல் வரை காத்திருந்து மறுபடி கரி ட்ராக் போனேன். வெளியே 38 டிகிரி. முதல் சுற்றில் உள்ளே போகும் காற்று 46. ஏழாவது சுற்றில் 53, அதற்கு மேல் ஏறவில்லை. வெளிக்காற்றை விட முன்பு 34 டிகிரி கூடுதல், இப்போது 15. எஞ்சினுக்குப் போகும் காற்றின் அடர்த்தியில் இது ஐந்து சதவீதத்துக்கு மேல். முன்பு நான்காவது சுற்றிலேயே முதல் சுற்றைவிட ஒன்றரை விநாடி தளர்ந்தேன். இப்போது ஏழாவதிலும் அரை விநாடிக்குள்.

ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்கு, குளிர்ந்த எஞ்சினில், ஒரே ஒரு முறை மிதித்துப் பார்த்தால் வித்தியாசம் ஏதும் தெரியாது. ரீமேப் செய்யாத வண்டியில் இதனால் மட்டும் பவர் அதிகமாகிவிடாது. இருக்கும் 230 பிஎஸ் வெயிலிலும் கையை விட்டுப் போகாமல் நிற்கும், அதற்குத்தான் இந்தக் காசு. ஏற்கெனவே ரீமேப் செய்தவர்களுக்கு இன்னும் அவசியம். பூஸ்ட் கூடக் கூடச் சூடும் கூடும்.

கொல்லிமலைக்கும் குடும்பத்தோடு போய் வந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வேகம் கம்மி, எதிர்க்காற்று கம்மி, எஞ்சினுக்கோ முழுப் பாரம். பையன் போனில் நம்பரைப் படித்துக்கொண்டே வந்தான். பாதி மலையில் 51, உச்சியில் 54. பழையதில் இதே மலையில் 60ஐத் தாண்டிப் பார்த்திருக்கிறேன்.

டவுனுக்குள் கதை வேறு. காந்திபுரம் சிக்னலில் நின்றால் பின்னாலிருக்கும் ரேடியேட்டர் சூட்டில் இதுவும் சூடேறத்தான் செய்கிறது. கனமான கோர் என்பதால் மெதுவாக ஏறும், ஏறிவிட்டால் ஆறவும் நேரம் எடுக்கும். ட்ராக்கில் கூலன்ட் மூன்று, நான்கு டிகிரி கூடியிருக்கிறது. ஏசி குளிர்ச்சி குறையவில்லை என்று மனைவி சொன்னதை நம்புகிறேன், ஏசி விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். 1,800 ஆர்பிஎம் பக்கம் டர்போ எழுவதில் நூலளவு தாமதம். வாரண்டி இருக்கும் வண்டியாக இருந்தால் முடியும் வரை பொறுங்கள்.

9,000 கிலோமீட்டர் ஆகிறது. போன வாரம் பம்பரைக் கழற்றி வெல்டிங் முழுக்க டார்ச் அடித்துப் பார்த்தேன், கீறல் எதுவும் இல்லை. இடது கீழ் பிராக்கெட் மட்டும் 2,500 ஆர்பிஎம்மில் லேசாக அதிர்கிறது. அண்ணனிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.