எக்ஸோர்க் போனது நல்லதுதான், ஆனாலும் கோபம் தீரவில்லை

உபுண்டு லினக்ஸ் 24.04-இலிருந்து புதிய பதிப்புக்குப் போகலாமா என்று பக்க வடிவமைப்பு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார். “புதுசுல எக்ஸோர்க்கே கிடையாதாமே அண்ணே, நம்ம வேலை ஓடுமா?” போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் இங்கே. எக்ஸோர்க் என்பது லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டி, விசையழுத்தங்களைச் செயலிகளுக்குக் கொண்டுபோகும் பழைய நிரல்; எக்ஸ்11 அது பேசும் நெறிமுறை. அந்த இடத்துக்கு வந்திருப்பது வேலண்ட்.

ஓடும். 25.10 வந்ததிலிருந்து நான் வேலண்டில்தான் வேலை பார்க்கிறேன். அதுவரை லாகின் திரையில் அந்தப் பல்சக்கரத்தைச் சொடுக்கி எக்ஸோர்க்கைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். உபுண்டுவின் திரைமுகப்பு க்னோம்; 2025 செப்டம்பரில் வந்த அதன் 49-ஆம் பதிப்பு எக்ஸ்11 அமர்வை முடக்கிவைத்தது. அடுத்த மாதம் வந்த உபுண்டுவில் அந்தத் தேர்வே இல்லை. நிறுவனங்களுக்கான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 அதற்கும் முன்பே, மே மாதத்தில், எக்ஸோர்க் சர்வரைக் கழற்றிவிட்டது. பழைய எக்ஸ்11 செயலிகளை வேலண்டுக்குள் ஓடவைக்கும் எக்ஸ்வேலண்ட் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். என் லேப்டாப் திரை அடர்த்தி கூடியது. பக்கத்தில் இருப்பது பழைய மானிட்டர். எக்ஸோர்க்கில் இரண்டுக்கும் ஒரே அளவீடுதான். லேப்டாப்பில் எழுத்து படிக்கிற மாதிரி வைத்தால் மானிட்டரில் மெனுவே பாதித் திரையை அடைக்கும். வேலண்டில் ஒன்றுக்கு 200 சதவீதம், மற்றதற்கு 100 என்று வைத்ததோடு சரி. விண்டோவை இங்கிருந்து அங்கே இழுத்தால் அதுவே அளவை மாற்றிக்கொள்கிறது. மெய்ப்புப் பார்க்கையில் பிடிஎஃப்பை வேகமாக உருட்டினால் வரி நடுவில் வெட்டுப்பட்டு மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம் என்று தெரியுமே, அதுவும் போயே போச்சு. நாள் முழுக்கக் கொம்பையும் காலையும் புள்ளியையும் சரிபார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலில் முன்பு போலவே ஓடுகிறது.

பாதுகாப்பும் பேச்சுக்குச் சொல்வதல்ல. எக்ஸ்11 1987-இல் எம்ஐடியில் பிறந்தது. ஒரே திரையில் ஓடும் நிரல்கள் ஒன்றையொன்று நம்பலாம் என்ற காலத்து வடிவமைப்பு. எக்ஸோர்க்கில் ஒரு டெர்மினலில் (கட்டளைத் திரையில்) விசையழுத்தங்களைக் காட்டும் எக்ஸ்இன்புட் சோதனைக் கட்டளையை ஓடவிட்டு, உலாவியில் வங்கிக் கடவுச்சொல்லை அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு விசையும் டெர்மினலில் வந்து விழும். நிர்வாகிக்கான ரூட் அனுமதிகூட வேண்டாம். 2008-இல் வேலண்டைத் தொடங்கிய கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் வெளியாள் இல்லை, எக்ஸோர்க்குக்கே டிஆர்ஐ2 என்ற கிராபிக்ஸ் பகுதியை எழுதியவர். எக்ஸோர்க்கைப் பராமரித்த பலரும் பின்னாலேயே அந்தப் பக்கம் போனார்கள்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

காலையில் உட்கார்ந்ததும் ஒரு ஸ்கிரிப்டை (கட்டளைக் கோப்பை) ஓடவிடுவது என் வழக்கம். பக்க வடிவமைப்புச் செயலியான ஸ்கிரைபஸ் மானிட்டரில் முழுசாக, பிடிஎஃப் லேப்டாப்பில் இடது பாதி, லிப்ரே ஆபீஸில் மூலப்பிரதி வலது பாதி, டெர்மினல் அடியில் ஒரு பட்டை. விண்டோக்களை நகர்த்தும் டபிள்யூஎம்கன்ட்ரோல் என்ற குட்டிக் கருவியை அழைக்கும் நாலு வரி, அவ்வளவுதான். வேலண்டில் அதையே தட்டினேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஸ்கிரைபஸ் மட்டும் நகர்ந்து சொன்ன இடத்தில் போய் நின்றது. மற்ற மூன்றும் நடுத்திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே கிடந்தன. திறந்திருக்கும் விண்டோக்களைப் பட்டியலிடச் சொன்னால் ஒரே வரி: ஸ்கிரைபஸ். அது எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடுவதால் பழைய கருவியின் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவை இருப்பதே அதற்குத் தெரியாது.

வேலண்டில் ஒரு செயலிக்குத் தான் திரையில் எந்த மூலையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. ‘என்னை அங்கே வை’ என்று கேட்கவும் வழியில்லை. இடம் ஒதுக்குவது முழுக்க, விண்டோக்களைச் சேர்த்துத் திரையை வரையும் கம்போசிட்டரின் வேலை. அடுத்த நிரலின் விசையை ஒட்டுக்கேட்கக் கூடாது, நியாயம். என் விண்டோவை என் ஸ்கிரிப்ட் நகர்த்தக் கூடாது என்பதில் என்ன பாதுகாப்பு? போலிக் கடவுச்சொல் பெட்டியை நிஜப் பெட்டியின் மேல் கொண்டுவந்து வைத்து ஏமாற்றலாம் என்பார்கள். இருக்கட்டும், என்னிடம் ஒருமுறை அனுமதி கேட்கலாமே? திரையைப் பகிர அப்படித்தானே கேட்கிறது!

நமக்குப் பதிலாக விசைகளைத் தட்டும் எக்ஸ்டூடூல் கருவிக்கும் இதே கதி. அதில் தமிழில் ஒரு வாக்கியம் கொடுத்தால் தமிழிலேயே தட்டிவிடும். மாற்றாகச் சொல்லப்படும் ஒய்டூடூல், லினக்ஸின் மையமான கெர்னல் மட்டத்தில் விசையழுத்தங்களை உண்டாக்குகிறது. அதற்கு விசை எண்கள்தான் தெரியும், ‘ழ’ தெரியாது. தனி அனுமதி வேறு கொடுக்க வேண்டும். விண்டோ நகர்த்த க்னோம் நீட்சிகள் (கூடுதல் நிரல்கள்) உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை க்னோம் புதுப்பதிப்பு வரும்போது நீட்சி எழுதியவரும் கூடவே ஓடிவந்தால்தான் அது பிழைக்கும்.

அவசரப்பட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஃபெடோரா லினக்ஸ் 2016-லேயே வேலண்டை இயல்புத் தேர்வாக்கிவிட்டது, அப்புறம் ஒன்பது ஆண்டு அவகாசம் இருந்தது. இரண்டு பாதைகளையும் காலாகாலத்துக்கும் சோதித்துக்கொண்டிருப்பது யாருக்கும் முடியாது. அந்த ஒன்பது ஆண்டில் ஒரு விண்டோவை நகர்த்த எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வழி ஏன் பிறக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

தம்பிக்கு என் பதில்: இப்போதைக்கு ஏற வேண்டாம். 24.04-க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது, அதில் எக்ஸோர்க்கும் இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டுகள் எதை நம்பி ஓடுகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் திரும்பிப் போவேனா என்றால், மாட்டேன். அந்த வெட்டுப்படும் திரையை இனி என் கண் தாங்காது. க்னோமுக்கு மாற்றான கேடிஇ பிளாஸ்மாவில் எந்தச் செயலி எங்கே திறக்க வேண்டும் என்று விதி எழுதி வைக்கலாம், வேலண்டிலும் அது செல்லும். அங்கேயும் 6.8 முதல் எக்ஸ்11 அமர்வு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். எக்ஸோர்க்குக்குத் திரும்பாத எனக்கு அதில் நட்டமில்லை. கையில் இருக்கும் புத்தகம் அச்சுக்குப் போனதும் பிளாஸ்மாவைப் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.