சுருட்டிக் காற்றெடுக்கும் பைகள்: போகும்போது அல்ல, திரும்பும்போது பார்க்க வேண்டும்

குளிர்ப் பிரதேசத்துக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் தவறாமல் சிபாரிசு செய்யும் பொருள் இது. துணியை உள்ளே வைத்து, இரட்டை ஜிப்பை அழுத்தி மூடி, ஜிப் பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே போனால் மறுமுனையில் இருக்கும் ஒருவழி வால்வு வழியாகக் காற்று புஸ்ஸென்று வெளியே போய்விடும், தலையணை அளவுக்கு இருந்த ஜாக்கெட் கெட்டியான பலகை மாதிரி ஆகிவிடும். இணையத்தில் இதற்கு வந்திருக்கும் விமர்சனங்களில் பாதி, கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக் கட்டிலில் வைத்துச் சுருட்டிப் பார்த்து, முன்னே ஒரு படம் பின்னே ஒரு படம் போட்டு, ஐந்து நட்சத்திரம் கொடுத்தவை. அந்த நட்சத்திரத்தை நான் நம்புவதில்லை. போகும்போது எல்லாத் துணியும் துவைத்துக் காய்ந்து மடித்து இருக்கிறது, நேரமும் இருக்கிறது, மூன்று பேர் கூடமாட உதவுகிறார்கள். அந்த நிலைமையில் எந்தப் பையும் நன்றாகத்தான் வேலை செய்யும். விடுமுறை முடிந்து அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் நெருங்கும்போது, பாதி காய்ந்த காலுறையும், உப்புக்கறை படிந்த பூட்ஸும், போகும்போது இல்லாத பரிசுப் பொருட்களும் தரையில் பரந்து கிடக்கும்போது இது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. சில குளிர்காலங்களாகப் போகும்போதும் திரும்பும்போதும் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

முதலில், எந்த வகை. வேக்யூம் கிளீனர் வைத்து உறிஞ்ச வேண்டிய, வட்ட மூடி போட்ட பைகளைப் பயணத்துக்கு வாங்காதீர்கள். அவை அலமாரிக்கானவை. போகும்போது வீட்டு மெஷினை வைத்துச் சப்பையாக்கி எடுத்துக்கொண்டு போவீர்கள், திரும்பும் நாளில் விடுதி ஊழியரிடம் போய் மெஷின் கேட்டு நிற்பீர்கள். அதற்காகவே சின்ன சார்ஜ் பம்ப் ஒன்று சேர்த்து விற்கிறார்கள், வேலை செய்யத்தான் செய்கிறது, ஆனால் அதற்குள் லித்தியம் பேட்டரி இருக்கும், சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தூக்கிக்கொண்டு அலைய இன்னொரு சாமான். கையால் சுருட்டும் வகைக்குத் தேவை இரண்டு முழங்கையும் கொஞ்சம் மூச்சும்தான்.

இடத்தை மிச்சப்படுத்துகிறதா என்றால், ஆம், நிஜமாகவே செய்கிறது, ஆனால் எல்லாத் துணிக்கும் ஒரே மாதிரி அல்ல. டவுன் ஜாக்கெட்டில்தான் வித்தையே. அதற்குள் இருப்பது வாத்து, பெருவாத்துகளின் மெல்லிறகு. அதன் தரத்தை ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பதை வைத்துச் சொல்வார்கள். ஜாக்கெட்டில் 800 என்று போட்டிருந்தால் 28 கிராம் இறகு சுமார் 13 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அதாவது நீங்கள் மடித்து வைப்பது பெரும்பாலும் காற்றைத்தான். அதை வெளியேற்றினால் ஜாக்கெட் கால்வாசியாகச் சுருங்குவதில் ஆச்சரியமில்லை. ஃப்ளீஸ், தடித்த ஸ்வெட்டர் எல்லாம் ஓரளவு சுருங்கும். ஜீன்ஸ், தெர்மல் உள்ளாடை, சட்டை இவற்றைப் போட்டால் பெரிய வித்தியாசம் இல்லை, இறுக்கமாகச் சுருட்டி வைத்தாலே அதே பலன் கிடைக்கும், கசங்கல்தான் மிச்சம். எனவே பெரிய செட் வாங்கி எல்லாவற்றையும் அதில் திணிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

சரி, இப்போது எடை. பை காற்றைத்தான் எடுக்கிறது, கிராமை எடுப்பதில்லை. படிக்கும்போது இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும், ஆனால் திரும்பும் நாளில் சூட்கேஸில் திடீரென்று பாதி இடம் காலியாகத் தெரியும்போது கை சும்மா இருக்காது. பரிசுப் பொருள், இன்னொரு ஜோடி காலணி, எதற்கோ வாங்கிய புத்தகம் என்று உள்ளே போகும். பல விமானங்களில் சாதாரண வகுப்புக்கு ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பதே கணக்கு; பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்ட அநேகமாக விடமாட்டார்கள், தூக்குகிறவர்களின் முதுகு போய்விடும் என்பதால். இந்தப் பைகள் வந்த பிறகு பெட்டி மூடவில்லையே என்ற கவலை போய், கவுண்டரில் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை வெளியே எடுப்பது என்று முழிக்கும் கவலை வந்துவிடுகிறது. கையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இதோடு சேர்த்து வாங்கவில்லையென்றால் பாதிப் பொருள்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

ஆனால் உண்மையான பிரச்சினை ஈரம்தான். பை கெட்டுப்போவது இங்கேதான், தயாரிப்பாளர்கள் பை வரும் அட்டைப்பெட்டியின் மேல் பொடி எழுத்தில் 'நன்கு உலர்ந்த துணிகளுக்கு மட்டும்' என்று எழுதிவிட்டுக் கை கழுவிக்கொள்வதும் இதை வைத்துத்தான். பனியில் சுற்றிவிட்டு வந்தவரின் துணியில் எது நன்கு உலர்ந்தது? கம்பளி ஒரு திருடன்: தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரப்பதத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். அதைக் காற்றுப் போகாத பையில் அடைத்து, விமான நிலையத்துக்கு ஒரு பயணம், இடையில் ஒரு மாற்று விமானம், தாமதம் என்றால் இன்னும் ஒரு இரவு என்று வைத்திருந்தால் வீட்டில் திறக்கும்போது வருகிற வாசனையை விவரிக்க வேண்டியதில்லை. ஈரத்தை ஒரு நாள், இரண்டு நாளுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். டவுனுக்கு இன்னும் மோசம், இறகு நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு உப்பும் தன்மையை இழந்துவிடும், நனைந்த நிலையிலேயே அழுத்தி வைத்தால் கட்டி அப்படியே நின்றுவிடும்.

நான் செய்வது என்னவென்றால், கடைசி நாள் போடப்போகும் துணியை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, மற்ற கம்பளி எல்லாவற்றையும் அதற்கு முந்தைய நாளே ஹீட்டருக்குப் பக்கத்தில் (மேலே அல்ல) தொங்கவிட்டுவிடுவேன். காலையில் அப்போதும் சந்தேகமாக இருப்பவை பைக்குள் போவதே இல்லை. சாதாரணத் துணிப் பையில் தளர்வாகப் போட்டு சூட்கேஸின் மேல்பக்கம் வைப்பேன். கையுறையும் தொப்பியும்தான் பெரும்பாலும் அப்படி மிஞ்சும். பூட்ஸை எந்தப் பையிலும் போடுவதில்லை, காலில் போட்டுக்கொண்டு வந்துவிடுவதுதான் எடைக்கும் இடத்துக்கும் நல்லது. தடித்த கோட்டுக்கும் அதே விதி. விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்ததும் வியர்க்கும், பரவாயில்லை.

பறக்கும்போது பை உப்பிவிடுகிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போல இருக்காது. அதிகபட்சமாக 8,000 அடி உயர மலையில் நிற்பதற்குச் சமமான அளவு வரை குறையலாம், அதாவது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்கு. பைக்குள் மிச்சமிருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். வால்வு பக்கம் அடைபடாமல் இருந்தால் அந்தக் காற்று தானாக வெளியே போய்விடும், இறங்கும்போது பை முன்பைவிட இறுகிக்கூட இருக்கும். வால்வை மடித்து அதன் மேல் காலணியை வைத்தால் அழுத்தம் எல்லாம் ஜிப்பின் மேல் விழும், பிளந்துகொள்ளும். எனவே வால்வு முனையை மேல்பார்த்து வையுங்கள். பை தயாரிப்பாளர்கள் படத்தில் இதைக் காட்டினால் நன்றாக இருக்கும், காட்டுவதில்லை.

இன்னொன்று, பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் திறந்து இந்தப் பையையும் திறந்துவிட்டால் அதைத் திரும்பச் சுருட்டிக் கொடுக்கப் போகிறவர் யாரும் இல்லை. பை இருந்தால்தான் மூடும் என்ற அளவுக்குப் பெட்டியை நிரப்பியிருந்தால் அப்போது நிலைமை கவலைக்கிடம். கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது. பேட்டரியில் சூடாகும் கையுறை, ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றிக் கைப்பைக்கு மாற்றிவிட வேண்டும். தனி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. ஜாக்கெட்டோடு சேர்த்துச் சுருட்டிவிட்டால் அது உள்ளே இருப்பதே மறந்துபோகும். (பனி விழும் கண்ணாடி உருண்டை வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதற்குள் இருப்பது திரவம், பல விமான நிலையங்களில் கைப்பைத் திரவங்களுக்கு இருக்கும் 100 மில்லி வரம்பு அதற்கும் உண்டு. அதைச் சுருட்டாமல் ஸ்வெட்டருக்கு நடுவில் பொதிந்து பெட்டியில் போட்டுவிடுங்கள்.)

பை எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைப் பற்றி: நைலானும் பாலித்தீனும் ஒட்டிய தடித்த ஃபிலிம் நன்றாகத் தாங்குகிறது, மெல்லிய மலிவு வகை ஜாக்கெட் ஜிப்பின் நுனி குத்தியே ஓட்டையாகிவிடும். ஜாக்கெட்டின் ஜிப்பை உள்பக்கம் திருப்பி மடித்தால் ஆயுள் கூடும். முதலில் சாகிற உறுப்பு பையின் ஜிப் பதிந்து மூடும் பள்ளம்தான், அதில் ஒரு நூல் மாட்டினாலே காற்று ஏறிவிடும். ஜிப்பின் மேல் ஓடும் பிளாஸ்டிக் கிளிப் தொலைந்தால் விரலால் அழுத்தி மூடலாம், எரிச்சல்தான்.

வீடு வந்து சேர்ந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பைகளை மட்டுமாவது திறந்துவிடுங்கள். டவுனை மாதக்கணக்கில் அழுத்தியே வைத்தால் உப்பும் திறன் குறையும், எனவே அடுத்த குளிர்காலம் வரை அதே பையில் அலமாரியில் போடுவது வேண்டாம். ஜாக்கெட் சுருண்டு கிடந்தால் டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்தோடு ஓட்டினால் பழையபடி எழுந்துவிடும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை நட்சத்திரம் போனது அந்தப் பள்ளத்துக்காக, ஒன்று போனது ஈரத்தைப் பற்றி உரக்கச் சொல்லாததற்காக. தடித்த ஜாக்கெட் இரண்டுக்கு மேல் எடுத்துப் போகிற குடும்பம் என்றால் வாங்கலாம். தனியாகப் போகிறவர் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்துவிடலாம், செலவு மிச்சம். வாங்குவதானால் பெரிய அளவை விட்டுவிட்டு நடுத்தர அளவில் ஒரு ஆளுக்கு ஒன்று, பார்த்தவுடன் யாருடையது என்று தெரிகிற மாதிரி உள்ளே இருப்பது முழுவதும் தெரிகிற, நிறமில்லாத வகையாகப் பார்த்து எடுங்கள்.