இருட்டுச் சாலையில் மிதிவண்டி: முதலில் தலைக்கவசமா, பின்விளக்கா?

தனி வகுப்பு முடிந்து இருட்டிய பிறகு புறவழிச்சாலையோரமாக வீடு திரும்பும் மாணவிக்கோ, இரவுக் காவலுக்குச் செல்லும் பெரியவருக்கோ, பாதுகாப்புக்கென ஒதுக்கச் சில நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால், அதை முதலில் எதற்குச் செலவிட வேண்டும்? தலைக்கவசத்துக்கு என்றே பலரும் சொல்வார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லி வந்தேன். தெருவிளக்கில்லாத சாலையைப் பொறுத்தவரை அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது இப்போது என் உறுதியான கருத்து.

தலைக்கவசத்தின் பயனை நான் ஐயுறவில்லை. காயமுற்ற 64,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டியோட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய அலசல் ஒன்று, கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 69 விழுக்காடு குறைவு எனக் கண்டது. ஆனால் அந்தக் கவசம் எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தரமான இஎன் 1078-இன்படி அதைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவைத்துச் சோதிக்கிறார்கள்; தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணலில் சறுக்கி விழுவதற்கும் பள்ளத்தில் சக்கரம் இறங்கிக் கவிழ்வதற்கும் அது பொருத்தமான காப்பு. 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து மோதும் சரக்கு வாகனம் அந்தச் சோதனையின் எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. அதோடு, கவசம் தன் வேலையைத் தொடங்குவதே மோதல் நிகழ்ந்த பிறகுதான்.

பின்விளக்கின் வேலை அந்த மோதலே நிகழாமல் தடுப்பது. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 3,845 மிதிவண்டியோட்டிகளைக் கொண்டு ஓராண்டு நடத்திய சோதனையில், சக்கரம் சுழலும் வரை பகலிலும் அணையாமல் எரியும் விளக்கைப் பொருத்திக்கொண்டவர்களுக்கு, காயம் விளைவித்த விபத்துகள் 19 விழுக்காடு குறைந்தன. பிற வாகனத்தோடோ ஆளோடோ மோதிய விபத்துகளை மட்டும் பார்த்தால் 47 விழுக்காடு குறைந்தன. டென்மார்க்கின் சாலைகள் வேறு, நம் சாலைகள் வேறு என்பதால் இந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது; ஆனால் பயன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெளிவு.

விளக்கு என்றவுடன் நம் வீடுகளில் பெரியவர்கள் டைனமோவைத்தான் நினைப்பார்கள். டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் பழைய டைனமோவுக்குச் சார்ஜ் கவலை இல்லை என்பது பெரிய நன்மைதான். எனினும் மிதிப்பது கனமாகிறது, மழையில் வழுக்குகிறது. எல்லாவற்றையும்விட, வலப்புறம் திரும்பக் காத்து நிற்கும் நேரத்தில், அதாவது வெளிச்சம் மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது அணைந்துவிடுகிறது. பேட்டரியில் எரியும் சிறிய எல்இடி சிவப்பு விளக்கு நின்றாலும் எரியும். சார்ஜ் போட மறப்பதுதான் அதன் ஒரே பெரிய குறை. மினுக்கும் நிலை எளிதில் கண்ணில் படும், ஆனால் தொலைவை மதிப்பிட நிலையாக எரிவதே உதவும். (ஜெர்மனியில் மிதிவண்டியில் மினுக்கும் விளக்குக்கு அனுமதியே இல்லை.) ஆகவே இருட்டுச் சாலையில் நான் நிலையாக எரியும் விளக்கையே பரிந்துரைப்பேன்.

சார்ஜ் தீர்ந்த நாளில் கைகொடுப்பது ரிஃப்ளெக்டர். முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் இந்தச் சிறு வில்லைக்கோ ஸ்டிக்கருக்கோ மின்சாரமே வேண்டாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். இரண்டு நொடி முன்னதாகக் கண்ணில் படுவதே உயிர்காக்கும். மட்கார்டில் ஒட்டியதைவிடப் பெடலிலோ கணுக்காலிலோ உள்ளது சிறந்தது, ஏனெனில் அது மேலும் கீழும் அசைவதைக் கண்டதும் அங்கே ஒரு மனிதர் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று ஓட்டுநருக்கு உடனே புரிகிறது. ஒளி தன்மீது விழுந்தால்தான் மின்னும் என்பதும், சேறும் தூசியும் படிந்தால் மங்கும் என்பதும் இதன் குறைகள். அதனால் இது விளக்குக்குத் துணை, மாற்று அல்ல. வெளிர்மஞ்சள் மேலங்கி பகலுக்கு நல்லது. ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டை அதில் இல்லாவிட்டால் இரவில் அது வெறும் துணிதான்.

பணமே செலவழிக்காமல் சிலர் தேடிக்கொள்ளும் பாதுகாப்பு ஒன்று உண்டு: வரும் வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எதிர்த்திசையில் ஓட்டுவது. நடந்து செல்பவருக்குப் பொருந்தும் அந்த யோசனை மிதிவண்டிக்குப் பொருந்தாது. 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் பின்னாலிருந்து நெருங்கும் வேகம் 45. எதிரில் வந்தால் 75. விலகவோ பிரேக் பிடிக்கவோ இருவருக்குமே நேரம் சுருங்குகிறது, வாங்கிய பின்விளக்கும் பயனின்றிப் போகிறது.

எனவே என் வரிசை பின்விளக்கு, பெடல் ரிஃப்ளெக்டர், அடுத்த மாதச் சம்பளத்தில் தலைக்கவசம் என்பதே. பகலில் மட்டும் குண்டும் குழியுமான ஊர்ச் சாலையில் ஓட்டுபவருக்குத் தலைக்கவசம் முதலில் வரலாம். விளக்கைச் சீட்டுக்கடியில் மாட்டினால் கேரியரில் வைக்கும் புத்தகப் பை அதை மறைத்துவிடும். கேரியரின் கடைசிக் கம்பியில் மாட்டி, பையையும் ஏற்றிவிட்டு, வீட்டில் ஒருவரை நூறு அடி பின்னால் நிறுத்தித் தெரிகிறதா என்று கேளுங்கள்.