13-இல் 9 போனால் 4 என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள், நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளையை இந்த வருஷம் பி.காம் ஃபைனான்ஸில் சேர்க்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் கோபிப் பக்கம், விவசாயக் குடும்பம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெண்ணைக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்த்தோம். பி.காமோடு ஏசிசிஏவும் (அதே பெயருள்ள பிரிட்டன் அமைப்பு நடத்துகிற கணக்காளர் படிப்பு) சேர்ந்தே வரும் என்றார்கள். அட்மிஷன் ஆபீஸில் இருந்த தம்பி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, சிவப்புப் பேனாவில் 13 என்று எழுதி, அதில் 9-ஐக் கழித்து, மிச்சம் வந்த 4-ஐச் சுற்றி இரண்டு தடவை வட்டம் போட்டார். "டிகிரி முடிச்சா 9 பேப்பர் எழுதவே வேண்டாமுங்ண்ணா, பாப்பாவுக்குப் பாக்கி நாலே பேப்பர்தானுங்க." இதற்காக வழக்கமான ஃபீஸுக்கு மேல் வருஷம் 60,000 ரூபாய். விலை ஏறட்டும் என்று மூட்டை கட்டி வைத்திருந்த மஞ்சளை முதல் தவணைக்காக அவசர அவசரமாக ஈரோட்டுக்கு ஏற்றினோம்.

ஏசிசிஏவில் மொத்தம் 13 பேப்பர், அதிகபட்சம் 9-க்கு விலக்கு கிடைக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எந்தப் படிப்புக்கு எத்தனை விலக்கு என்று முடிவு செய்வது ஏசிசிஏ. அவர்கள் இணையதளத்திலேயே கல்லூரி, படிப்பு, முடிக்கிற வருஷம் எல்லாம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், ஐந்து நிமிஷ வேலை, அதை நாங்கள் பார்த்ததோ மூன்றாம் வருஷத்தில். எங்கள் பெண் படிப்புக்கு இருந்த விலக்கே 4 பேப்பருக்குத்தான். எழுத வேண்டியது 9! விலக்கு கிடைக்கிற பேப்பருக்கும் ஏசிசிஏவுக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும், அதையும் யாரும் சொல்லவில்லை.

கேட்கப் போனால் அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டார். துறைத்தலைவர், "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துரும்" என்றார். நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார்கள், 'ஒப்புதலுக்கு உட்பட்டது' என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

அப்புறம் வேலை. நூறு சதவீதம் என்றார்கள், வந்தது போனில் கூப்பிட்டுப் பர்சனல் லோன் விற்கிற வேலை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் (NAAC) அமைப்பு தந்த கிரேடைப் பார்த்து நானும் மயங்கினேன். அது மொத்த நிறுவனத்துக்குத் தருவது, உங்கள் பிள்ளை சேர்கிற படிப்பைப் பற்றி அதில் ஒன்றும் தெரியாது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் சாதாரண பி.காம் படித்து 55 சதவீதம் எடுத்திருந்தாலே, சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டருக்குப் போயிருக்கலாம். இதை எனக்குச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளைத்தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. கையெழுத்து இல்லை, சீல் இல்லை. உங்களிடமும் இப்படி யாராவது எழுதிக் காட்டினால், அதையே லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். அது கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள்.